விற்பனைக்கு: பிளந்த கீபோர்டு

வாம்மா. செருப்பை உள்ளேயே போடு. தெருவில் ஒரு நாய் இருக்கிறது, ஒற்றைச் செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகும். நீதானே போன் செய்தது? குரலைக் கேட்டு இன்னும் கொஞ்சம் வயதான பெண் என்று நினைத்தேன். கையைக் காட்டு. அடடா, இந்த வயதிலேயே மணிக்கட்டில் பட்டை. எந்தக் கையில் வலி? இரண்டிலுமா? வீட்டிலிருந்தே கம்பெனி வேலை என்று சொன்னாய், இல்லையா? காலையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை, அப்படித்தானே?

உட்கார். கீபோர்டு அந்த மேஜையில் இருக்கிறது. துணி போட்டு மூடியிருக்கிறேன். விளம்பரத்தில் அதிகம் பயன்படுத்தாதது என்று போட்டிருந்தேன். போட்டபோது அது உண்மைதான். இவ்வளவு நல்ல சாமானை வாங்கி ஏன் பயன்படுத்தவில்லை என்று நீ கேட்பாய். கேட்காவிட்டாலும் வீட்டுக்குப் போய் யோசிப்பாய், இந்தக் கிழவி ஏதோ உடைந்ததைத் தலையில் கட்டிவிட்டாள் என்று. அதில் ஒன்றும் உடையவில்லை. உடைந்தது வேறு. அதைச் சொல்லிவிட்டே தருகிறேன்.

என் பெயர் டார்க்கஸ். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். நீதிபதி சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். அவர் இருமினால் இருமலைத் தவிர மற்றதெல்லாம் தாளில் இருக்கும், அவ்வளவு சுத்தம் என் கை. கோர்ட்டில் நான் ஒரு கமாவைக்கூட நகர்த்தியதில்லை. குற்றவாளி என்று அவர் சொன்னால் குற்றவாளி என்றுதான் அடிப்பேன். கூண்டில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வேறு தோன்றும். தோன்றி என்ன? விரல் வேறு, நான் வேறு என்று இருந்தேன்.

பெர்சிஸ் தனராஜ் என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? நாவல் எழுதுகிறவள். இங்கேதான், முருகன்குறிச்சியில் வீடு. கேள்விப்பட்டதில்லையா? போகட்டும். அவள் கேட்டால் வருத்தப்படுவாள். அவள் என்கிறேன், பார். முன்பெல்லாம் என் வாயில் அவர்கள் என்றுதான் வரும். பெர்சிஸ் அக்கா.

காலேஜில் எனக்கு மூத்தவள். கல்லூரி மலரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் ஒரு கவிதை கொடுத்தேன். கடைசி இரண்டு வரியை வெட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பினாள். “அதுக்கு முன்னாலேயே முடிஞ்சு போச்சுளா டார்க்கஸ்” என்றாள். எல்லோரும் கவிதை நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு வரியும் எனக்கு இன்னும் பாடம். சொல்லட்டுமா? வேண்டாம், விடு. அது எதற்கு இப்போது.

அவள் கையெழுத்தைப் பார்த்தால் நீ பயந்துவிடுவாய். வரிசையாகப் போகிற எறும்புகளை யாரோ ஊதிவிட்டது போல இருக்கும். எழுதிய மறுநாள் அவளுக்கே புரியாது. காகிதத்தை என்னிடம் நீட்டி, “இங்கன என்ன எழுதியிருக்கேன், பாருளா” என்பாள். நான் வாசித்துச் சொல்வேன். நான் என்ன வாசிக்கிறேனோ, அதுதான் அவள் எழுதியது. அவளுடைய எல்லா நாவலும் இந்தக் கை வழியாக வந்ததுதான். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், விலை போடுகிற இடத்துக்கு மேலே, தட்டச்சு: டார்க்கஸ் என்று சின்னதாக இருக்கும். சின்னதாக இருந்தால் என்ன? இருந்தது.

அடிப்பது மட்டும் இல்லை. சின்னச் சின்ன உதவியும் செய்வேன். உதாரணத்துக்கு, ஒரு அம்மா பிள்ளையை அடித்துவிட்டு அடுப்படிக்குள் போகிறாள் என்று எழுதியிருப்பாள். எந்த அம்மா அப்படிச் சும்மா போவாள்? நான் ஒரு வரி சேர்த்து, திரும்பி வந்து அவன் தலையைத் தடவிவிட்டுப் போக வைப்பேன். மழை பெய்தது என்று எழுதியிருப்பாள். மழை பெய்தது! அதை ரேடியோவில் சொல்ல மாட்டானா? ஓட்டுக்கு மேலே யாரோ உட்கார்ந்து அரிசி புடைப்பது போல மழை என்று நான் வைப்பேன். அவள் ஆட்கள் எல்லோரும் நம் ஊர்ப் பேச்சில் சொல்லுதேன், வாரேன் என்பார்கள். நாலு ஊர்க்காரன் வாசிக்கிற புத்தகம், அதையும் கொஞ்சம் சீர் செய்வேன். கோர்ட்டில் இத்தனை காலம் கட்டிப் போட்டிருந்த விரல், இங்கே வந்து கொஞ்சம் கைகால் நீட்டிக்கொண்டது. தப்பா?

அவளிடம் கேட்டுவிட்டுச் செய்தீர்களா என்கிறாயா? ஒவ்வொரு வரிக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் நாவல் என்றைக்கு முடியும்? அதுவும் இல்லாமல், கேட்டால் வேண்டாம் என்பாள். அவளுக்குத் தன் எழுத்தில் எது நல்லது என்று தெரியாது.

உப்பளத்தில் நடக்கிற நாவல் ஒன்று. அதற்குப் பரிசு கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போகிறாள். அக்கா எழுதியிருந்தது, அவள் போனாள் என்று. அவ்வளவுதான். ஒரு பெண் பிறந்து வளர்ந்த வீட்டைவிட்டு அப்படியே போய்விடுவாளா? வேப்பமரத்தடியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள் என்று நான் முடித்தேன். மதுரையில் பரிசளிப்பு விழா. நான் முன்வரிசை. பேச வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அந்தத் திரும்பிப் பார்த்தலுக்குத்தான் ஐயா இந்தப் பரிசு” என்றார். கூட்டம் கை தட்டுகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மேடையில் அக்கா கை தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள்.

“ஏளா டார்க்கஸ், அவ திரும்பிப் பாத்தாளா?”

“பாத்தாளேக்கா.”

“நானா எழுதினேன்?”

“பின்னே நானா எழுதினேன்?”

“எனக்கு அவ நேரா போன மாதிரில்லா ஞாபகம்.”

“வயசாகுதுக்கா. எனக்கும் சாவிய வச்ச இடம் மறந்து போகுது.”

கோவில்பட்டி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பரிசு வாங்கின களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எழுதிக் கொடுத்த காகிதமா? அதை எதற்கு வைத்துக்கொள்வது? அடித்து முடித்ததும் அலமாரித் தட்டில் விரித்துவிடுவேன். பழைய காகிதம் விரித்தால் தட்டு சுத்தமாக இருக்கும். அவளும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள், அந்த மதுரை விழா முடிந்த பிறகு. அதற்குள் அதன்மேல் புளி ஜாடி வைத்தாகிவிட்டது.

அப்புறம்தான் இந்தப் புது நாவலைத் தொடங்கினாள். எனக்கும் கை வலி தொடங்கியது. முதலில் வலது கைச் சுண்டுவிரல். நீ இங்கிலீஷில் அடிக்கிறவள், உனக்கு இது தெரியாது. நான் படித்தது பழைய தமிழ் டைப்ரைட்டர் முறை. அதில் க், ச் என்று எழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளி வலது கைச் சுண்டுவிரலுக்கு உரியது. தமிழில் புள்ளி வைக்காமல் ஒரு வரி எழுதிப் பார், முடியாது. இருக்கிற விரலிலேயே நோஞ்சான் விரல் தலையில், இருக்கிற வேலையிலேயே அதிக வேலையைக் கட்டிவிட்டான் யாரோ ஒரு புண்ணியவான். வாலிபத்தில் தெரியவில்லை. அது இத்தனை காலமும் முனகாமல் புள்ளி வைத்தது. பிறகு ஒரு நாள் காப்பித் தம்ளரைத் தூக்கும்போது தனியே விறைத்துக்கொண்டு நின்றது. அங்கிருந்து உள்ளங்கை ஓரம், மணிக்கட்டு, முழங்கை. ராத்திரி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், யாருடைய கையையோ பக்கத்தில் படுக்க வைத்திருப்பது போல் இருக்கும்.

எலும்பு டாக்டர் கேட்டார், “என்னம்மா வேலை பாக்குறீங்க?”

“ரிட்டயர்டு, டாக்டர்.”

“ரிட்டயர்டுன்னா கை எதுக்கு இப்படி வீங்கியிருக்கு?”

நாவல் அடிக்கிறேன் என்று சொன்னேன். உங்கள் நாவலா என்றார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். இல்லை என்றேன். “அப்ப எழுதினவங்களையே அடிச்சுக்கச் சொல்லுங்க. நீங்க ஒன்றரை மாசம் கீபோர்டைத் தொடக் கூடாது” என்றார். இடது கையால் அடிக்கலாமா என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நிறுத்துவதா? ராகேல் என்று ஒரு சமையல்காரி அந்த நாவலில் அப்போதுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்திருக்கிறாள். அவளை வாசலில் நிறுத்திவிட்டு நான் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்காருவதா? வலி என் கையில் இல்லை, இந்தக் கீபோர்டில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். மாற்றினால் போகும்.

முதலில் ஒன்று வாங்கினேன், ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், சத்தமே கிடையாது. பஞ்சு மூட்டையைத் தட்டுவது போல் இருந்தது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. தெரியாத விரல் இன்னும் ஓங்கி அடித்தது. வலி கூடியது. அடுத்தது வில் போல் வளைந்த ஒன்று. நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிந்து இருக்கும். மணிக்கட்டுக்குச் சுகம்தான். ஆனால் பிடிவாதமாக எல்லாம் ஒரே துண்டு. என் தோளும் அதற்குள் சுருங்கிக்கொண்டது. சுண்டுவிரலோ தன் புள்ளியைத் தேடி ஓடுவதை விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு நாள் வந்தாள். கையில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள். பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரலை மட்டும் தனியாகத் தடவினாள். “கொஞ்ச நாள் விடுளா. நாவல் எங்கயும் ஓடிராது” என்றாள். போகும்போது, அடிப்பதற்காகக் கொடுத்திருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் அன்று அதை அன்பு என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள், பார்.

மூன்றாவதுதான் இது. வா, துணியை எடு. பயப்படாதே, அது அப்படித்தான், இரண்டு துண்டு. நடுவில் ஒரு கம்பி மட்டும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இடது பாதியை இடது தோளுக்கு நேரே வைத்துக்கொள்ளலாம், வலதை வலது தோளுக்கு நேரே. நெஞ்சு விரிந்து உட்காரலாம். உள்பக்கம் கொஞ்சம் தூக்கி நிறுத்தலாம், யாருக்கோ கை கொடுக்கப் போகிற மாதிரி கை சாய்ந்து நிற்கும்.

முதல் வாரம் அழுதேன். ஒரு எழுத்து, நடுவில் கீழ்வரிசையில். அதை இடது கைதான் அடிக்க வேண்டும் என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். என் வலது கை எப்போது அதை எடுத்துக்கொண்டது என்று எனக்கே தெரியாது. ஒரே பலகையாக இருந்தவரைக்கும் தெரியவே இல்லை. இதில் பிளந்து வைத்ததும், வலது விரல் அந்த எழுத்தைத் தேடிப் போய் வெறும் மேஜையில் விழுந்தது. டொக். திரும்பவும் டொக். எழுத்து அந்தக் கரையில் இருக்கிறது. இடது கைக்கோ அது தன்னுடையது என்ற ஞாபகமே இல்லை.

அப்புறம் இதோடு வந்த சின்னக் குறிப்பேட்டைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. எந்த எழுத்தையும் எந்த விரலுக்கும் மாற்றிக்கொள்ளலாமாம். இங்கே பார், கட்டைவிரலுக்கு மட்டும் இத்தனை பொத்தான். நம் கட்டைவிரலுக்கு இத்தனை காலம் என்ன வேலை? இடைவெளி விடுவது. வேறொன்றும் இல்லை, மற்ற விரலெல்லாம் ஓடி ஓடி உழைக்க, இது வார்த்தைக்கு நடுவே வெறுமையைப் போட்டுக்கொண்டு சோம்பேறியாக உட்கார்ந்திருந்தது. நான் புள்ளியைத் தூக்கி வலது கட்டைவிரலுக்குக் கொடுத்தேன். இருக்கிற விரலிலேயே பலசாலி அல்லவா? முதலில் தடுமாறியது. பிறகு பழகியது. ஒரு நாள் சாயங்காலம், சர்ச் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, நான் ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டு நிமிர்கிறேன். கை வலிக்கவில்லை. சுண்டுவிரல் பாயில் படுத்த குழந்தை மாதிரி கிடக்கிறது. நான் என்ன அடித்தேன் தெரியுமா? அக்கா கை வலிக்கவில்லை, அக்கா கை வலிக்கவில்லை. பக்கம் முழுக்க அதுதான்.

உடனே போன் செய்தேன்.

“அக்கா, எல்லாம் சரியாயிட்டு. அனுப்புங்க.”

“எதை?”

“எதையா? நாவலைத்தான். ராகேல் என்ன ஆனா?”

அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்துகிற சத்தம். பிறகு, “அவ நல்லா இருக்கா. நீ ஓய்வெடுளா.”

“ஓய்வெடுத்தாச்சுக்கா. பேப்பரை வாங்க நானே வரட்டா?”

“பாப்போம்” என்றாள்.

பாப்போம். அம்மா, நான் கோர்ட்டில் இருந்தவள். எத்தனை வக்கீல் வாயிலிருந்து எத்தனை பாப்போம் கேட்டிருக்கிறேன். எனக்கா தெரியாது?

மறுநாள் கிளம்பிப் போனேன். இந்தக் கீபோர்டின் இரண்டு பாதியையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன், காட்டுவதற்காக. அவளுக்குப் பிடிக்குமே என்று பிளம் கேக்கும் வாங்கிக்கொண்டேன். வெளிக்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவள் எழுதுகிற அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் போகிறபோது அந்தக் கதவு ஒரு நாளும் சாத்தியிருந்ததில்லை. உள்ளே அவள் பேசுகிற சத்தம். “ராகேலு இல்லாத அன்னைக்கு அவளே ரசம் வச்சா” என்கிறாள். நிறுத்துகிறாள். மறுபடியும் அதையே சொல்கிறாள், “அவளே ரசம் வச்சுப் பாத்தா.” யாருக்கோ சொல்லி அடிக்க வைக்கிறாள்! யாரோ ஒரு சின்னப் பெண், கை வலிக்காத பெண், உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் காதெல்லாம் அடைத்துப்போயிற்று. ஆனாலும் கவனித்தேன். பழக்கம். உள்ளே விரல் சத்தமே இல்லை. எவ்வளவு மெத்தென்ற கீபோர்டானாலும் விரல் சத்தம் எனக்குக் கேட்கும்.

கதவைத் தள்ளினேன். அவள் மட்டும்தான். மேஜையில் ஒரு எவர்சில்வர் தம்ளர், அதில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் எழுத்து தானாக வந்து வந்து விழுந்துகொண்டிருந்தது. யார் கையும் இல்லாமல். நான் உள்ளே வந்ததும் “அக்கா” என்றேன் பார், அதையும் எழுதிக்கொண்டது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“உக்காருளா.”

“எவ்வளவு நாளா நடக்கு இது?”

“உன் கைக்காகத்தான் தொடங்கினேன். பதிப்பகத்துச் சிவசைலம்தான் சொல்லிக் குடுத்தாரு.”

“என் கைக்கு நான் மருந்து கண்டுபிடிச்சாச்சு” என்று இரண்டு பாதியையும் எடுத்து அவள் மேஜையில் வைத்தேன். கம்பி சிக்கிக்கொண்டது, பிரித்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். “ரெண்டா இருக்கே” என்றாள்.

“ரெண்டா இருந்தாத்தான்க்கா வலிக்காது.”

“அப்படியா” என்றாள். அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

“டார்க்கஸ், மொத நாள் இது எழுதினத வாசிச்சுட்டு நான் அழுதேன். நான் பேசுதது அப்படியே இருந்துது.”

இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். என் முன்னால் ஒரு நாள் அழுததில்லை, அவள் வீட்டுக்காரர் தனராஜ் அத்தான் அடக்கத்தன்றுகூட.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றாள். “அரிசி புடைக்கிற மாதிரி மழை. அது யார் எழுதினது?”

“நீங்கதான்க்கா.”

“நான் சொளவு புடிச்சு அரிசி புடைச்சதே இல்லையேளா.”

எத்தனை பேர் அந்த மழையைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்! ஒருத்தர் அந்த வரியைக் கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டார். அப்போதெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டவள், இப்போது வந்து யார் எழுதியது என்றால்? நன்றி என்று ஒன்று இல்லையா? அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “இனிமே சும்மா வாளா. சாயங்காலம் காப்பிக்கு வா. பேசிட்டு இருப்போம்” என்றாள். வேலையைப் பிடுங்கிக்கொண்டு காப்பிக்குக் கூப்பிடுகிறாள்! இந்தக் கையை என்னவென்று நினைத்தாள், தம்ளர் பிடிக்க மட்டுமா? கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. போன் வரும், எடுக்க மாட்டேன். வந்த கோபத்தில்தான் அந்த விளம்பரத்தைப் போட்டேன், நீ பார்த்தாயே, அது.

சரி, நீ வந்த வேலையைப் பார். நாற்காலியில் உட்கார். பட்டையைக் கழற்றிவிட்டு வை. தோளை இறக்கு. எப்படி இருக்கிறது? சொன்னேன் அல்லவா? முகமே மாறிவிட்டது உனக்கு. ஏதாவது அடி. என்ன, இடைவெளி வரவில்லையா? வலது கட்டைவிரலால் அடிக்காதே, அது புள்ளி. இடது கட்டைவிரல்தான் இடைவெளி. வாங்கிக்கொண்டு போய் உனக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்.

எதைப் பார்க்கிறாய்? திரையில் இருப்பதா?

அது ஒன்றும் இல்லை. அது அந்த நாவல். சமீபத்தில்தான் வெளிவந்தது. கூரியரில் ஒரு பிரதி அனுப்பியிருந்தாள், ஒரு வரிகூட எழுதாமல், கையெழுத்து மட்டும் போட்டு. இரண்டாம் பக்கத்தில் தட்டச்சு என்று ஒன்றும் இல்லை. முன்னுரையில் கடைசி வரி என்ன தெரியுமா? ‘இந்தப் புத்தகத்தில் உள்ள பிழைகள் அனைத்தும் என்னுடையவை.’ பார், அவளே ஒப்புக்கொள்கிறாள்! கை வைக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தேன். கஷ்டமாக இருந்தது அம்மா. எங்கே பார்த்தாலும் மழை பெய்தது, மழை நின்றது. எல்லோரும் சொல்லுதேன், போறேன். கதையும் என்ன கதை? ராகேல் வருஷக்கணக்கில் அந்த வீட்டில் சமைக்கிறாள். எஜமானி சொல்கிற உப்பைப் போட மாட்டாள், தன் கைக்கு வருகிறதைத்தான் போடுவாள். வந்தவர்கள் எல்லாம் இந்த வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா என்பார்கள். ராகேல் காய்ச்சலில் கிடக்கிற ஒரு நாள், எஜமானி தானே ரசம் வைத்து வாயில் வைக்கிறாள். தன் அம்மா கை ருசி. உட்கார்ந்து அழுகிறாள். ராகேல் கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். இப்படி ஒரு சமையல்காரி இருப்பாளா? எனக்கு அந்தப் பாத்திரம் பிடிபடவே இல்லை. பிடிவாதக்காரி. ஆனால் அவள் போன பிறகு எஜமானி அடுப்படியில் தனியே நிற்கிற இடத்தில் ஏனோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என்னவென்று தெரியவில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

அதனால்தான் முதலிலிருந்து அடித்துக்கொண்டு வருகிறேன். சரியாக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. யார் கேட்டார்கள் என்கிறாயா? யாரும் கேட்கவில்லை. யாருக்கும் கொடுக்கவும் போவதில்லை. மழையையெல்லாம் சரி செய்துவிட்டேன். ராகேலைக் கொஞ்சம் நல்லவளாக்கியிருக்கிறேன். நேற்று நிறைய அடித்துவிட்டேன், கட்டைவிரல் லேசாக வலிக்கிறது. அதற்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, புள்ளி என்றால் என்ன என்று.

இன்னும் கடைசி அத்தியாயம் பாக்கி. அதில் என்ன வருகிறது, சொல்லட்டுமா? எஜமானி தினமும் சாயங்காலம் இரண்டு தம்ளரில் காப்பி ஊற்றி வைக்கிறாள். பின்கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ‘கதவு திறந்தே இருந்தது’ என்று முடித்திருக்கிறாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

அது பொய், அம்மா. கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே நின்று கண்ணால் பார்த்தவள். அந்த வரியை அப்படியே விடுவதற்கில்லை. கடைசியில் கதவைச் சாத்தித்தான் முடிக்க வேண்டும்.

அதனால் இன்று இதை உன்னிடம் கொடுக்க முடியாது, கோபித்துக்கொள்ளாதே. அந்த ஒரு அத்தியாயம்தான். முடிந்ததும் நானே போன் செய்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ. அதுவரைக்கும் கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எழுந்திருக்கிறாயா? இரு, காப்பி போடுகிறேன் என்று சொல்லியிருப்பேன், இந்நேரத்துக்கு இப்போதெல்லாம் நான் காப்பி குடிப்பதில்லை.

போன் அடிக்கிறதா? அடிக்கட்டும். எடுக்காதே. சாயங்காலம் இந்நேரத்துக்கு அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். நாய் நிற்கிறதா பார்த்துப் போம்மா. போகும்போது அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போ.